கதவு நடுவே சூரியன்

வாஷிங் மெஷின் மெக்கானிக் சீன எழுத்துப் படிக்க ஆரம்பித்தது அறிவுத் தாகத்தால் அல்ல. அவர் கைக்கு வந்த மெஷின்களில் பாதி சீனாவிலிருந்து வந்தவை. பட்டன்களில் அந்த ஊர் எழுத்து. ஒருமுறை குத்துமதிப்பாக ஒரு பட்டனை அழுத்தப்போய், ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறை குளமாகிவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோவில் பாடம் கேட்டார்.

வீடியோ வாத்தியார் சொன்ன வழி எளிது. எழுத்தை மொத்தமாக மனப்பாடம் செய்யாதே, உள்ளே இருக்கும் மூல உறுப்பைப் பிடி. இடது ஓரத்தில் மூன்று சொட்டு இருந்தால் தண்ணீர் சமாசாரம். அடியில் நான்கு புள்ளி இருந்தால் பெரும்பாலும் நெருப்பு. கழற்றிப் பூட்டியே காலம் தள்ளியவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

"எழுத்துன்னு பயந்துட்டேன். இதுவும் ஸ்பேர் பார்ட்ஸ்தான்" என்றார் மனைவியிடம்.

"பார்ட்ஸ் எல்லாத்தையும் பேர் சொல்லிட்டா மெஷின் ஓடிடுமா?" என்றாள் அவள்.

தெருவில் செய்தி பரவியது. ஷாம்பு பாட்டில், பொம்மை டப்பா, பசை டியூப் என்று ஆளாளுக்கு எதையாவது தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உற்றுப் பார்த்து, "இதுல மூணு சொட்டு இருக்கு. தண்ணி சம்பந்தப்பட்டது" என்பார். உலகத்தில் தண்ணீர் சம்பந்தப்படாத பொருள் குறைவு என்பதால் அவர் வாக்கு பொய்த்ததே இல்லை. 'மூணு சொட்டு' என்று பெயரும் நிலைத்துவிட்டது.

அவருடைய சகலை டைல்ஸ் கடை வைத்திருந்தார். மூடிப்போன ஒரு ஹோட்டலின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது, கறுப்பு மரத்தில் தங்க எழுத்துச் செதுக்கிய பலகை ஒன்று கிடைத்தது. மூன்றே எழுத்து. நேரே மெக்கானிக்கிடம் கொண்டுவந்தார்.

"போன்ல காட்டினா அதுவே சொல்லிடுமே" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"போனை எப்படிம்மா நம்பறது? வீட்டு மனுஷன் இவரு இருக்கும்போது!"

வீட்டு மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் எழுத்து, மெஷின் பட்டனில் தினம் பார்ப்பது: கழுவு. இரண்டாவது: கை. மூன்றாவதில் இரட்டைக் கதவு, அதன் நடுவே சூரியன்.

"கையச் சுத்தமா வச்சிருக்கறவன் வாசல்ல வெளிச்சம் வரும். அதாவது, நேர்மையா தொழில் பண்ணா விடியும்."

சகலைக்குக் கண் கலங்கியது. அளவில் கொஞ்சம், கணக்கில் கொஞ்சம் என்று அடித்துப் பழகியவர். இருந்தாலும் வாசகம் அவரைத் தொட்டுவிட்டது. வீட்டிலிருந்த ஆபீஸ் அறையின் கதவுக்கு மேலே, பலகைக்கென்றே ஒரு விளக்குப் போட்டு மாட்டினார்.

சில மாதங்கள் கழித்து, சீனாவிலிருந்து டைல்ஸ் கம்பெனி மேலாளர் அம்மாள் ஒருவர் வியாபாரம் பேச வந்தார். சகலை வீட்டில் விருந்து. மொழி தெரிந்தவர் என்று மெக்கானிக்கையும் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தார். பலகை கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்தது. எழுந்து விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா! சாம்பிளைப் பாக்கப் போறாங்க. சாப்பாட்டை விடத் தொழில்தான் முக்கியம்" என்று சகலை உருகினார்.

கதவு திறந்தது. அந்த அம்மாள் பலகையைக் காட்டினார், அறையைக் காட்டினார், வயிற்றில் கைவைத்து நெளிந்தார். முதலில் புரிந்துகொண்டவள் சகலையின் மனைவிதான். ஓடிப்போய் அவரைச் சரியான கதவுக்கு அழைத்துப் போனாள்.

சகலை மெல்லத் திரும்பினார். "கையக் கழுவினா விடியும்னீங்களே?"

"கை கழுவறது இருக்கு. கதவும் இருக்கு" என்றார் மெக்கானிக், தட்டைப் பார்த்தபடி. "இடம்தான் கொஞ்சம் மாறிப்போச்சு."

திரும்பி வந்த அம்மாள் விஷயத்தைப் போன் மொழிபெயர்ப்பில் கேட்டும் சிரிக்கவில்லை. ஒரு தாளில் மூன்று எழுத்தையும் பிரித்து எழுதி, மெக்கானிக் சொன்ன உறுப்பு ஒவ்வொன்றுக்கும் சரி என்று டிக் போட்டார். எல்லாம் சேர்ந்தால் கழிப்பறை, அவ்வளவுதான். ஊருக்குப் போனதும் டைல்ஸ் சாம்பிளோடு மெக்கானிக்குக்குக் குழந்தைகளுக்கான சீன-ஆங்கில அகராதி ஒன்றும் அனுப்பினார். சகலை அதை உம்மென்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போனார்.

மெக்கானிக் இப்போது ஊகிப்பதில்லை. உறுப்பைத் தேடி, மிச்சக் கோடுகளை விரல்விட்டு எண்ணி, பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரியான பொருளைச் சொல்கிறார். போன வாரம் எதிர்வீட்டுக்காரி ஒரு போர்வையின் லேபிளைக் காட்டினாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

"'நிழலில் உலர்த்தவும்'னு போட்டிருக்கு."

"அவ்வளவுதானா?" என்றாள் அவள். போகிற போக்கில் அவர் மனைவியின் காதைக் கடித்தாள்: "முன்னல்லாம் எவ்ளோ நல்லா சொல்லுவாரு. பாவம், என்ன ஆச்சு இவருக்கு?"