ஸ்டாம்பில் பார்த்த செங்காந்தள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் நாங்கள் கீழ்வீடு. மாடியில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. கணவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தார். லீவு கிடைத்தால் நண்பர்களோடு மலையேறப் போய்விடுவார். அவர் மனைவி தினம் ஒரு தடவையாவது "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு கீழே வந்துவிடுவாள்.

எனக்குத் தபால்தலை சேர்க்கிற பழக்கம் உண்டு. அதுவும் நம் காட்டுச் செடிகள் போட்ட ஸ்டாம்புகள் மட்டும்தான். நீலக்குறிஞ்சி, பிரம்ம கமலம், ஆர்க்கிட் என்று, காட்டிலிருந்து பிடுங்காமல் காப்பாற்ற வேண்டிய செடிகள். சும்மா ஒட்டி வைக்க மாட்டேன். ஒவ்வொன்றைப் பற்றியும் தேடிப் படித்து, ஸ்டாம்புக்குக் கீழே நாலு வரி எழுதுவேன். "இதையெல்லாம் யார் படிக்கப் போறா?" என்பார் என் வீட்டுக்காரர். நான் படிக்கிறேனே, போதாதா?

அன்று மதியம் அந்தப் பெண் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "அக்கா, இவரு நேத்து மலைக்குப் போனப்ப தோண்டி எடுத்துட்டு வந்தாரு. காட்டு வள்ளிக்கிழங்காம். வெல்லம் போட்டு வேக வெச்சேன்."

"நீ சாப்பிட்டியா?"

"எனக்கு விரதம்கா. சாயந்திரம் அம்மனுக்கு விளக்கேத்திட்டுதான்."

கிழங்குத் துண்டுகள் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தன. ஆனாலும் இன்னதென்று தெரியாமல் எதையும் வாயில் வைக்கிற ஆள் இல்லை நான். செடி எப்படி இருந்தது என்று கேட்டேன். "பூவோட இருந்துச்சுக்கா. அவ்ளோ அழகு! டம்ளர்ல வெச்சிருக்கேன், வந்து பாருங்களேன்" என்றாள்.

மாடியேறிப் போய்ப் பார்த்தேன். டிவி பக்கத்தில் இருந்த டம்ளரில் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக, தீ எரிகிற மாதிரி மேலே வளைந்த இதழ்கள். இலையின் நுனி கம்பிச் சுருள் போலச் சுருண்டிருந்தது. செங்காந்தள்! என் ஆல்பத்தில் இருக்கிற அதே பூ. சமையல் மேடையில் மிச்சம் கிடந்த பச்சைக் கிழங்கையும் பார்த்தேன். கலப்பை மாதிரி வளைந்திருந்தது. சந்தேகமே இல்லை. அதன் கிழங்கு கடும் விஷம் என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவள் கணவரிடம் கேட்டேன். சோபாவில் சாய்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மூணு துண்டு. கொஞ்சம் கசந்துச்சு. ஏன்கா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "நல்லாத்தானே இருக்கேன். ஸ்டாம்பைப் பார்த்து வைத்தியமா?"

கீழே ஓடி ஆல்பத்தை எடுத்து வந்து பக்கத்தைத் திறந்து பூவோடு சேர்த்துப் பிடித்தேன். "இது உடனே காட்டாது. சில மணி நேரம் கழிச்சுதான் ஆரம்பிக்கும். அப்புறம் ஓடினா லேட். நான் சொல்றது தப்புன்னா ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் பண்ணிக்கோங்க. இப்ப சட்டையைப் போடுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் எழுந்துவிட்டார்.

பூவையும் கிழங்கையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் அவர் ஜோக் அடித்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண் மட்டும் என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பூவைப் பார்த்தார், ஆல்பத்தில் நான் எழுதியிருந்த தாவரவியல் பெயரைப் படித்தார். முகம் மாறிவிட்டது. யாருக்கோ போன் போட்டுப் பேசினார். அடுத்த நிமிஷமே அந்தப் பெண்ணின் கணவரை உள்ளே கூட்டிப்போய்க் கரித்தூள் கலந்த மருந்தைக் குடிக்க வைத்தார்கள். "வாந்தி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. அது பெரிய விஷயம்" என்றார் டாக்டர்.

சாயங்காலம் விஷம் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. வாந்தியும் பேதியுமாக ஆள் துவண்டு போனார். ஐசியூவில் வைத்தார்கள். ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போயின. வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு நான்தான் சாப்பாடு ஊட்டினேன். "நானும் சாப்பிட்டிருப்பேனேக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அந்த விஷம் அப்படித்தான் செய்யுமாம். அப்புறம் மெல்ல மெல்ல முளைத்தது. குல்லா போட்டுக்கொண்டு ஒருநாள் கீழே வந்து, ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து ஒன்றுவிடாமல் படித்தார். "இனிமே மலைக்குப் போனா போட்டோ மட்டும்தான்கா, செடியில கை வைக்க மாட்டேன்" என்றார். அதன்படியே இருக்கிறார்.

நமக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் சிரித்தாலும் குரலைத் தாழ்த்தக் கூடாது என்று அன்று புரிந்துகொண்டேன், இன்றுவரை தாழ்த்தவில்லை.