தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லாத குற்றம்

கெலமங்கலத்து விவசாயி ஒருவருடைய காதுப் புண்ணை வெட்டி எடுத்தபோது, அவர் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லாமல் விட்டேன். மறந்துவிட்டதாகச் சில மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டேன்.

1950களின் நடுவில் ஓசூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு நான் ஒருவன்தான் டாக்டர். கைராசிக்காரன் என்று பெயர் வேறு. அந்த விவசாயியின் வலது காது மேல்விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஆறாத புண். புற்றுதான், சந்தேகமே இல்லை. அடியில் குருத்தெலும்பையும் பிடித்திருந்தது. அப்படிப்பட்ட புண் காதோடு நிற்காது. சுற்றிலும், கழுத்திலும் நெறி கட்டும். அதைத் தடவிப் பார்த்த பிறகுதான் எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்.

ஆனால் அவர் வயதுக்காரர்கள் பிறர் எதிரில் பாகையை அவிழ்ப்பது சாவு வீட்டில்தான். பின்கழுத்து வரை இறுக்கிச் சுற்றியிருந்தார். காது தெரியும் அளவுக்கு மட்டும் அதை மேலே ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன்.

"காது போயிடுமாங்க டாக்டரு?"

"ஓரத்துல கொஞ்சம் நறுக்கினா போதும். கடுக்கன் அப்படியே இருக்கும்."

"பொழச்சேன். இல்லாட்டி ஒத்தக் கடுக்கன எம் பொண்டாட்டி மூக்குலயா மாட்டறது?"

இருவரும் சிரித்தோம். வெட்டினேன், சுத்தமாக ஆறியது.

நாலு மாதம் கழித்து வந்தார். "காது தேவலைங்க. பாகைதான் முன்ன மாதிரி உக்கார மாட்டேங்குது."

அன்றைக்கு அவிழ்க்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கல் போல ஒரு நெறி.

"இதை மொதல் நாளே பார்த்திருக்கணும். பாகையைக் கழட்டச் சொல்ல யோசிச்சு விட்டுட்டேன். தப்பு என்னுதுங்க."

அவர் பாகையை மறுபடி சுற்றத் தொடங்கினார். பிறகு, "கேட்டிருந்தா அவுத்திருப்பனே" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் நானே பெங்களூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனிடம் என் தவறையும் சேர்த்தே சொன்னேன். முழுக் காதையும் கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். பிழைப்பாரா என்று அவர்கள் உறுதி சொல்லவில்லை. அன்று முதல், பாகையோ முக்காடோ, எடுத்த பிறகே நான் நோயாளியைத் தொட்டேன். திட்டிவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு.

இரண்டு வருடம் கழித்து, கன்னத்தில் புண்ணோடிருந்த தம் மச்சானை அந்தக் கெலமங்கலத்துக்காரரே அழைத்துவந்தார். மச்சான் பாகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் இவர் தம் பாகையை அவிழ்த்து மடியில் வைத்தார். காது இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

"அவுத்துடு மச்சான். முன்னெல்லாம் கேக்கமாட்டாரு. இப்ப விடமாட்டாரு."

மச்சானின் கழுத்தை மெதுவாகத் தடவினேன். நெறி இல்லை.