பியோ வீட்டு டிக் சத்தம்

ஒயரின் நுனியை உள்ளங்கைக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார் பியோ கியோங்-தே. கையில் சிவப்புப் பொட்டு விழுகிறது. சரி, வெளிச்சம் வருகிறது, ஒயரில் குறையில்லை. ஒலியை வெளிச்சமாகக் கொண்டுபோகிற ஒயர் இது. முதன்முதலில் வாங்கியபோது நுனியில் இருந்த குட்டி ரப்பர் மூடியைக் கழற்றாமலே திணித்துவிட்டு, "மெஷின் செத்துப்போச்சு" என்று புலம்பியவர் இவர். அன்றிலிருந்து இந்தச் சோதனை இல்லாமல் எதையும் தொடமாட்டார்.

சியோலில் சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பிரிந்து மகனோடு பூசானுக்குப் போய்விட்டார். மாலையானால் பியோ, போர்வை மாட்டிய துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு சாக்ஸபோன் ஊதுவார். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமலிருக்கத்தான் அந்தப் போர்வை. மைக்கின் ஒலியை வாங்க ஒரு பெட்டி, அதைக் கணினிக்குள் சேர்க்க இன்னொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே அந்த ஒயர். ஊதியதைப் போட்டுக் கேட்டால் நடுநடுவே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். அந்தப் புகாரைத் தூக்கிக்கொண்டு வாராவாரம், இசைக்கருவிகள் விற்கும் நாக்வொன் அங்காடி மாடியிலுள்ள மா சுன்-இம் அம்மாவின் ஒயர்க் கடைக்குப் போய்விடுவார்.

அங்கே எல்லாரும் எல்லாருக்கும் முதலாளிதான்.

"வாங்க முதலாளி! இன்னுமா டிக்குங்குது? போன வாரந்தானே புது ஒயரு குடுத்தேன்?"

"அதுலயும் அடிக்குது முதலாளி. நம்ம ராசி அப்படி."

"பாவம், ஒயரு என்ன பண்ணும்? உக்காருங்க, காப்பி குடிங்க."

பாக்கெட் காப்பித்தூளை வெந்நீரில் கொட்டி, அந்தக் காலிப் பாக்கெட்டையே சுருட்டிக் கலக்கித் தருவார் அந்த அம்மா. காகிதக் கோப்பை காலியாகும்வரை ஊர்க்கதை ஓடும். வாரத்தில் பியோ இன்னொரு மனுஷரோடு உட்கார்ந்து பேசுவது அவ்வளவுதான். அதனால் ஆறிப்போன காப்பியையும் ஊதி ஊதிக் குடிப்பார்.

இந்த வாரம் பெட்டிகளையே கொண்டுவரச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. கடை மேசையில் வைத்து மாட்டிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அடக் கடவுளே! ரெண்டு பெட்டியும் அதது கடிகாரத்த வச்சு ஓடுது முதலாளி. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் நான் சொல்றதுதான்னு நின்னா என்னாவும்?"

"அத எங்கிட்டயா கேக்குறீங்க?"

இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"மைக் பெட்டி முன்னால போகட்டும், கணினிப் பெட்டி அதப் பாத்து வரட்டும். இதோ, மாத்திட்டேன். இனி டிக்கும் கிடையாது, டொக்கும் கிடையாது. நீங்க இவ்வளவு தூரம் அலையவே வேணாம்!"

நல்ல மனசோடுதான் சொன்னார். பியோவுக்குப் பகீரென்றது. கோப்பையில் பாதி இருக்கும்போதே எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மாட்டி ஊதினார். பதிவு பளிச்சென்று இருந்தது. இவ்வளவு நன்றாக அவர் ஊதியதே இல்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. மறுபடி போட்டார், மறுபடியும் கேட்டார். அறை வெறிச்சென்று கிடந்தது.

கணினிப் பெட்டியின் கடிகாரத்தைப் பழையபடி அதன் இஷ்டத்துக்கு விட்டார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். டிக். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்குப் போன் போட்டார்.