பெடலில் இருந்த கால்

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் சிகிச்சைக்குப் பின் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று மதிப்பெண் போடுவதும் என் வேலை. அப்படித்தான் நல்லூரில் முருகேசன் வீட்டுக்குப் போனேன். பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர். லாரியில் துணி ஏற்றும்போது விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. போகும் வழியிலேயே குறைந்த மதிப்பெண்ணை மனதுக்குள் போட்டுவிட்டேன்.

வாசலிலேயே ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே முருகேசன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டி-ஷர்ட் கழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்படியானால் பெடலை மிதிப்பது யார்? குனிந்து பார்த்தேன். பக்கத்து ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்திருந்த மனைவி செல்வியின் கால். செல்வியின் கைகளோ தைத்த துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தன. மெஷின் பக்கம் பார்வையே போகவில்லை. ஆனாலும் வளைவு வந்தால் மெஷின் மெதுவாக ஓடியது, தையல் முடிந்ததும் நின்றது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எப்ப நிறுத்தணும்னு எப்படீங்க தெரியுது?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"அவரு தோளு எம்மேல பட்டுட்டேதான இருக்குதுங்க" என்றார் செல்வி.

நான் வழக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வியை முருகேசனிடம் கேட்டேன். "இதத் தனியாச் செய்ய முடியுமாங்க?"

அவர் சிரித்தார். "எதுக்குங்க தனியா?"

என்னிடம் இருந்த அளவுகோல் ஓர் உடம்பை அளப்பது. அங்கே தைத்துக்கொண்டிருந்தது ஒருவரா, இருவரா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.