சிவப்பு பென்சிலால் போட்ட டிக்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் மர்பி டவுனிலிருந்து நானும் என் தோழி ஸ்டெல்லாவும் மாடலாகக் கிளம்பினோம். ஒரே ஸ்டுடியோவில், ஒரே நாளில், விளம்பரக்காரர்களிடம் காட்டும் போர்ட்ஃபோலியோ ஆல்பத்துக்குப் படம் எடுத்தோம். அவள் வந்து நின்றாலே போட்டோகிராபர் முகம் மலர்ந்துவிடும். என்னிடம் மட்டும், "கொஞ்சம் தாடையை இறக்கும்மா" என்பார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வாரம் கழித்து, எல்லாப் படங்களையும் தபால்தலை அளவில் ஆளுக்கொரு தாளில் போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் சிவப்பு பென்சிலால் டிக் செய்யும் பத்துப் படங்களை மட்டும் பெரிதாக்கி ஆல்பத்தில் வைப்பார்கள்.

"என் மூஞ்சி எனக்கு எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் தெரியுது. நீயே பாத்து டிக் பண்ணிடுடி," என்று ஸ்டெல்லா தன் தாளை என்னிடம் நீட்டினாள்.

பண்ணினேன். நல்ல படங்களை விட்டுவிட்டு, கண் பாதி மூடியது, முடி கலைந்தது என்று தேடித் தேடிப் பிடித்தேன். கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி வாய்விட்டுச் சிரித்த ஒன்றை முதல் பக்கத்துக்கே எழுதிக் கொடுத்தேன்.

அதைப் பார்த்துத்தான் ஒரு புடவைக் கடை விளம்பரத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மைசூர்பாவோடு ஓடி வந்தாள். "எல்லாம் உன் செலக்‌ஷன்டி. போஸ் குடுக்காத மாதிரி இருக்குதாம்."

வாயில் இனிப்போடு நானும் சிரித்து வைத்தேன். அன்று நான் வருந்தியது செய்த துரோகத்துக்காக அல்ல, அது பலிக்காமல் போனதற்காக.

அந்தப் படத்தின் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஸ்டுடியோ விளக்கின் பக்கத்தில் நின்று நான் ஏதோ கிண்டல் செய்தபோது எடுத்தது. அதில் அவள் சிரிப்பது என்னைப் பார்த்துத்தான்.