உலைக்குப் பின்னால் இருந்த கருவி

ஒரகடத்தில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் என் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. சூட்டை அளக்கும் தீப்பெட்டி அளவுக் கருவிகளைத் தூண்களில் மாட்டினேன். அளந்ததை அவை ரேடியோ வழியே என் மேசைக்கு அனுப்பும். எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஒரே சமயத்தில் அனுப்பவைத்து, எது வந்து சேர்கிறது, எது அமுங்கிப் போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

கிட்டத்தில் இருந்தவை தெளிவாக வந்தன. உலைக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் வரவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதுதான், சந்தோஷப்பட்டேன்.

உலைக்குப் பின்னால் இருந்த அந்தத் தூணருகே திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். தன் இடத்தில் எவ்வளவு சூடு என்று ஒருநாள் கேட்டாள். சரியாக வருவதில்லை, அதைத்தான் ஆராய்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஒரு மதியம் அவள் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். என் திரையில் எல்லாம் சாதாரணமாகவே இருந்தது. அவளருகே தூணில் இருந்த கருவியைக் கழற்றி, அதில் பதிவாகியிருந்ததைப் படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் சூடு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அது விடாமல் அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் என் மேசைக்கு அருகில் இருந்த கருவியின் பலமான சிக்னல் அதை அமுக்கியிருக்கிறது.

சூப்பர்வைசரிடம் காட்டினேன். அவர் உள்ளூர்க்காரர்.

“இது உங்க படிப்புக்கு மாட்டினது சார். இப்ப இன்னாத்துக்கு இத்த எடுத்துக்கினு வர்றீங்க?” என்றார்.

பாதுகாப்பு அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பது என்று முடிவுசெய்தேன். அதற்கு முன் அவளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பியதும், சுங்குவார்சத்திரத்தில் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போனேன். வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அது சொல்லிருக்குல்லா சார்,” என்றாள். “நானுந்தான் காலையிலயே தலை சுத்துதுன்னு சூப்பர்வைசர்ட்ட சொன்னேன்.”

அதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், பேர் மட்டும் வேண்டாம் என்றாள்.

இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே தொழிற்சாலைக்குள் நான் போகும் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். உலையருகே பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் அங்கே திரும்பவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

அதுவரை சேர்ந்த அளவுகளை வைத்தே ஆய்வேட்டை முடித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், வந்து சேராத செய்திகளால் நடைமுறையில் என்ன பாதிப்பு என்று கேட்டார். ஒரு பெண் மயங்கி விழுந்தாள் என்றேன். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.