‘போனவை’ என்றொரு சொல்

பத்தாவது வகுப்பைத் தாண்டாதவன் நான். தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குச் சேர்ந்து, ஹூஸ்டனில் கரை இறங்கி, திரும்ப ஏறாமல் விட்டவன். டெக்சாஸில் சில வருடம், கலிபோர்னியாவில் சில மாதம் என்று அலைந்து எடிசனுக்கு வந்தபோது என்னிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது, விசா இல்லை. நியூ ஜெர்சியில் வண்டிக்காரர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது, அதற்கென்று ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டத்தில் பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

தங்க இடம் கொடுத்தவர் ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தம்பி என்பார். அவர் வீட்டு பேஸ்மென்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வெட்டிய தாடி, பழைய கார்களை உடைக்கிற யார்டில் வேலை. நான் பெட்டியை இறக்கும்போது மூலையில் தொழுதுகொண்டிருந்தார். முடியும்வரை நின்றுவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி, “வணக்கம் பாய்” என்றேன்.

“பாயோ? நான் பாயும் இல்ல, தலகாணியும் இல்ல. அண்ணன் முறைக்கு நானா எண்டு சொல்லுங்க.”

“சரி நானா. கூட நம்ம தமிழாளு ஒருத்தர் இருக்காருன்னு அண்ணாச்சி சொன்னாரு. ரொம்ப சந்தோசம்.”

“நான் தமிழ் இல்லியே. முஸ்லிம்.”

“அப்ப இப்ப பேசுதது என்ன பாஷை?”

“தமிழ்தான்.” அவரே சிரித்துவிட்டார். “உங்கட ஊரில ரெண்டும் ஒண்டு. எங்கட ஊரில தமிழ் ஆக்கள் வேற, முஸ்லிம் ஆக்கள் வேற. போகப் போக விளங்கும்.”

எனக்கு விளங்க மூன்று குளிர்காலம் ஆயிற்று.

யாழ்ப்பாணத்தில் நானாவுக்கு இரும்புக்கடை இருந்தது. அண்ணாச்சி வீடு கட்டியபோது கம்பி வாங்கியது அந்தக் கடையில். இரண்டு பேரும் எடிசனில் சந்தித்தது தற்செயல். ஒருநாள் மீன் டின் வாங்க வந்தவரை அண்ணாச்சி பேச்சை வைத்தே பிடித்துவிட்டாராம். கல்லாவை விட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே பேஸ்மென்டைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். இதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொல்வது நியாயமாகாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி புட்டும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு கீழே வருவார். ஹலால் இல்லாதது நானாவுக்கு ஆகாது என்று அன்றைக்கு வீட்டில் இறைச்சியே சமைக்க மாட்டார்கள். சாப்பிட்டபடி ஊர்க்கதை நடக்கும். எந்தக் கதையும் கடைசியில் ஒரே இடத்துக்கு வரும்.

“நீங்கள் போன பிறகு அந்தத் தெருவிலை ஆடுதான் மேயுது, நானா.”

“போகேல்ல அண்ணை. கலைச்சவை.”

“ஓம், ஓம்.”

அடுத்த வாரமும் அண்ணாச்சி, “நானா ஆக்கள் போனவை, அதோடை ஊரிலை நல்ல தையல்காரனே இல்லை” என்பார். நானா எழுத்துப்பிழை திருத்துகிற வாத்தியார் மாதிரி, கோபமே இல்லாமல், “கலைச்சவை” என்பார். நான் இதை ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் கலைப்பது என்றால் தலைமுடியை, இல்லாவிட்டால் கூட்டத்தை. அவர்கள் ஊரில் வாசலில் வந்த நாயைக் கல் எடுத்து விரட்டினால் அது கலைப்பது. போனவை என்றால் போனார்கள், கலைச்சவை என்றால் விரட்டினார்கள்.

யாரைக் கலைத்தார்கள், எப்படிக் கலைத்தார்கள் என்று கேட்டதற்கு, நானா காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். தமிழ் இயக்கத்துப் பையன்கள் துப்பாக்கியோடு, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வந்தார்கள். முஸ்லிம்கள் எல்லாரும் உடனே ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். இரண்டு மணி நேரம் கிடைத்தது. சந்தியில் வரிசையாக நிறுத்தி, கொண்டுபோகும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து, பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மூத்த மகளின் தோடு திருகாணி இறுகிக் கழலவில்லை. கழற்றியவன் தெரிந்த பையன்தான், கடைக்கு வருகிறவன்.

“அண்ணையும் அந்தச் சந்தியில நிண்டவர். சைக்கிளப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் அவரக் கண்டன், அவர் என்னக் கண்டவர்.”

“ஒண்ணும் சொல்லலையா அவரு?”

“என்னத்தச் சொல்லுற? துவக்கு அவர்ட கையிலயா இருந்தது?”

மனைவியும் இரண்டு பெண்களும் புத்தளத்துப் பக்கம் அகதி முகாமில், ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். நானா ஏஜென்டைப் பிடித்து இங்கே வந்து அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். கொடுத்துவிட்டால் மூவரையும் அழைத்துக்கொள்ளலாம். மகள்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்பதைத் தவிர அவர் வேறு எதைப் பற்றியும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவர் மனைவியின் தம்பி இலங்கையின் கிழக்குப் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். ஞாயிறு காலை போன் வரும். நானாவுக்குக் காது மந்தம், ஆதலால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். முஸ்லிம்களுக்குக் கிழக்கில் தனி அலகு வேண்டும் என்று மச்சான் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர்.

“என்ன நானா, உங்க ஆளுகளும் அலகு குத்துவாங்களா?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த அலகு பங்குனி உத்திரத்துக்குக் கன்னத்தில் குத்திக்கொள்வது, இல்லாவிட்டால் கிளியின் மூக்கு.

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மச்சான், இந்தத் தூத்துக்குடிக்காரர் கேக்கிறதக் கேட்டீங்களா?”

மச்சான் சிரிக்கவில்லை. தனியாக ஆண்டுகொள்ள ஒரு பகுதி, அதுதான் அலகு என்று எனக்குப் பாடம் நடத்தினார். “இந்தப் பக்கம் பள்ளிக்குள்ள தொழுதுகொண்டிருந்த சனத்தச் சுட்டாங்க. அங்கால மச்சான் ஆக்களக் கலைச்சாங்க. நாளைக்குத் தமிழருக்கு நாடு கிடைச்சா அதுல நாங்க ஆரு? கொழும்பும் எங்களக் கேட்டு ஒண்டும் செய்யாது. எங்கட வயலும் பள்ளியும் எங்கட கையில இருக்கணும். வேறென்ன கேக்கிறம்?”

“எனக்கு அலகும் வேணாம், சிறகும் வேணாம்” என்றார் நானா. “நான் யாழ்ப்பாணத்தான். என்ர தெருவத் தந்தாப் போதும்.”

“நீங்க இன்னும் கனவு காணுறீங்க மச்சான்.”

“காணுறன். அண்ணையப் போல ஆக்கள் அங்க இன்னும் இருக்கினம்.”

நானாவின் வழக்கு நூவர்க் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. லாயருக்கு ஒரே தலைவலி. தமிழ் பேசுகிறவனைத் தமிழ் இயக்கம் ஏன் விரட்டப் போகிறது, இந்த ஆள் தானாக வந்திருக்கலாமே என்று ஜட்ஜ் கேட்பார் என்றார். பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், முஸ்லிம் அல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது, வந்து சொல்ல வேண்டும்.

நானா கடைக்குப் போய்க் கேட்டபோது நானும் கூட இருந்தேன். அண்ணாச்சி வெண்டைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“பாப்பம் நானா” என்றார்.

இந்தப் பாப்பம் இரண்டு மாதம் ஓடிற்று. நானா மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்தார். கடைசியில் அண்ணாச்சியே புட்டுச் சட்டியோடு வந்து, “வாறன் நானா. கண்டதைத்தானே சொல்லச் சொல்லுறியள்” என்றார். நானா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடத் தெரியாமல் நின்றார்.

விசாரணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் கடையில் இருந்தேன். வீடு வீடாக இயக்கத்துக்குக் காசு சேர்க்கிற இரண்டு பேர் வந்தார்கள். நல்ல கோட்டு, நல்ல மரியாதை.

“என்னண்ணை, கோட்டுக்குப் போறியளாம் எண்டு கேள்வி.”

“ஒரு அலுவல்.”

“போயிட்டு வாங்கோ. தங்கச்சி சுகமே? இன்னும் ஊரிலைதானே, பிள்ளையளோடை?”

“ஓம்.”

“சந்தோசம் அண்ணை. நாங்களும் விசாரிச்சதாச் சொல்லுங்கோ.”

அவ்வளவுதான். மிரட்டினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் போன பிறகு அண்ணாச்சி அடுக்கிய டின்களையே மறுபடி அடுக்கினார். நானாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். “என்னத்தை, தம்பி? சுகம் விசாரிச்சவை” என்றார்.

திங்கட்கிழமை என் காரில் மூன்று பேரும் நூவர்க் போனோம். நான் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கிற ஆள் இல்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டும் அணைத்தும் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். நானா முன்னால், அண்ணாச்சி பத்தடி பின்னால். நானா பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வழக்கமாக முன்னால்தான் உட்காருவார்; அன்று அந்த இடத்தில் அண்ணாச்சி.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறினேன்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“இல்ல எண்டுட்டாங்க” என்றார் நானா. “அப்பீல் எழுதலாம் எண்டு லாயர் சொல்லுறார்.”

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எலிசபெத் நகரத்தைத் தாண்டினோம். எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக வந்தன.

“மொழிபெயர்த்தது ஒரு மெட்ராஸ் அம்மா” என்றார் நானா, என்னிடம் சொல்வது போல. “நல்ல மனுசி. அண்ணை தமிழிலதான் சொன்னவர். என்ன கண்டீங்க எண்டு கேட்டாங்க. அவை போனவை எண்டார்.”

“நானா...” என்றார் அண்ணாச்சி.

“ஆரும் போகச் சொன்னவையா எண்டு திரும்பக் கேட்டாங்க. நான் தூரத்திலை நிண்டனான், தெரியாது எண்டார்.”

“தங்கச்சி அங்கை இருக்கிறாள், நானா. மூண்டு பிள்ளையள்.”

“தெரியும் அண்ணை.”

“நான் ஒரு சொல்லுச் சொல்லப்போய், அங்கை ஆர் அவளுக்குப் பதில் சொல்லுறது?”

“தெரியும் எண்டுதானே சொல்லுறன்.” பிறகு நானா கேட்டார்: “உங்கட கேசில என்ன சொன்னீங்க அண்ணை? ஆமி வந்தது, நாங்கள் போனம் எண்டா?”

அண்ணாச்சியும் ராணுவத்துக்குப் பயந்து வந்ததாகச் சொல்லி அடைக்கலம் வாங்கியவர்தான். அவர் வழக்கில் என்ன சொன்னார் என்று எங்கள் மூவருக்குமே தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கதைகளில் அவரே எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆமி எங்களைக் கலைச்சது. சொல்லும்போது நெஞ்சில் தட்டிக்கொள்வார்.

எடிசன் வந்ததும் அண்ணாச்சி கடை வாசலில் இறங்கிக்கொண்டார். கதவைச் சாத்தாமல் சற்று நின்றார். நானா பின்னாலிருந்தே முன் சீட்டுக்கு மேலாக எட்டிச் சாத்தினார், மெதுவாகத்தான்.

அடுத்த ஞாயிறு புட்டு மட்டும் வந்தது. அண்ணாச்சியின் மனைவி படியில் வைத்துவிட்டுப் போனார். மச்சானின் போனும் வந்தது. நானா கோர்ட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு கேட்டார்.

“மச்சான், உங்கட அலகுக்குள்ள யாழ்ப்பாணம் வருமா?”

“அது எப்பிடி மச்சான்? இது கிழக்கில. எங்கட ஊர்கள மட்டும் சேத்து.”

“என்ர தெரு இல்ல?”

“இல்ல.”

நானா போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். “சரி. எனக்கில்லாட்டியும் கேளுங்க” என்றார். “விடாமக் கேளுங்க.”

அந்த அலகில் அவருக்கு ஓர் அடி நிலம் கிடையாது. ஆனாலும் அதற்குப்பின் வந்த ஞாயிறுகளில் மச்சானைவிட அவர்தான் அதிகம் பேசினார். எந்த ஊரோடு எந்த ஊரைச் சேர்ப்பது, இடையில் தமிழ் ஊர்கள் வந்தால் என்ன செய்வது என்று. நான் குறுக்கே வந்து, இப்படி ஆளுக்கொரு துண்டாக வெட்டினால் கடைசியில் என்ன மிஞ்சும் நானா என்று கேட்டதும் உண்டு. “உங்களுக்கு விளங்காது” என்றார். முதல் நாள் போகப் போக விளங்கும் என்று சொன்னவர்.

அப்பீல் எழுதவில்லை. பனி கரைந்ததும் பஃபலோ வழியாகக் கனடாவுக்குள் போய் மறுபடி அங்கே கேட்பது என்று முடிவு செய்தார். பஸ் நிலையத்துக்கு நான் கொண்டுபோய் விட்டேன். கிளம்பும்போது அண்ணாச்சி மேலே இருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு பொதி. “ஹலால் கடைக் கோழிதான், நானா. மனிசி பொரிச்சவள்.” நானா வாங்கிக்கொண்டார். சலாம் சொல்லவில்லை, வாறன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுமுன் பொதியில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

டொராண்டோவிலிருந்து ஒரே ஒரு தடவை போன் பண்ணினார். மூத்தவளுக்கு முகாமிலேயே கல்யாணம் முடிந்துவிட்டதாம். நிக்காஹ் ஓதியதைப் போனில்தான் கேட்டேன் என்றார். அதன்பின் நானும் டெக்சாஸ் பக்கம் போய்விட்டேன், நம்பர் மாறிற்று.

சில வருடம் கழித்து ஒரு லாரி வேலையாக எடிசன் வழியே போனபோது கடையில் நிறுத்தினேன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பேஸ்மென்டில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் பையன், கோயம்புத்தூர். அவனுக்கு என்னைக் காட்டி, “இந்தத் தம்பியும் முந்தி உன்ரை அறையிலைதான்” என்றார். “இவரோடை ஒரு முஸ்லிம் ஆளும் இருந்தவர். எங்கடை ஊர். நல்ல மனுசன். பிறகு...”

 கல்லா மேல் இருந்த பருப்புப் பாக்கெட்டை எடுத்து, விலை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

“பிறகு என்ன அங்கிள்? வெக்கேட் பண்ணிட்டாரா?” என்றான் பையன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எந்தச் சொல்லைப் போடுவது என்று நான் சொல்லிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. 

“பிறகு அவர் இஞ்சை இல்லை” என்றார்.